ஐந்தாம் மாடியின் கருவிப்பட்டை

லண்டன் கவுன்சில் ஒன்றின் அணுகல் சமத்துவ இயக்ககம் ஐந்தாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் புதியது. அதில் பட்டன்கள் கிடையாது. வழுவழுப்பான கண்ணாடித் திரை ஒன்றுதான். கண் தெரிந்தவர்கள் ஐந்தைத் தொட்டால் ஐந்தாம் மாடிக்குப் போகும். துஷாந்தன் தொட்டால் அது நினைத்த இடத்துக்குப் போகும். ஒருமுறை நிலக்கீழ்க் கார் நிறுத்துமிடத்தில் இறக்கிவிட்டது. இன்னொருமுறை அபாய மணி அடித்துத் தீயணைப்பு வண்டி வந்தது.

ஆண்டறிக்கையில் இயக்ககம் இப்படி எழுதியது: 'இந்த ஆண்டும் பார்வையற்ற ஊழியர் எவரும் நேரில் வந்து முறையிடவில்லை. திருப்தி நூறு வீதம்.'

துஷாந்தன் இரண்டாம் மாடியில், வீட்டுத் திருத்த வேலைப் பிரிவில் இருந்தான். ஒழுகும் கூரை, பூஞ்சணம் பிடித்த சுவர், சூடாகாத ரேடியேட்டர் பற்றி வரும் முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதுவது அவன் வேலை. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது பார்வை போனது. படிப்பைப் பார்வை இல்லாமலே முடித்தான். கணினியில் அவனுக்குத் திரைவாசிப்பான் இருந்தது. திரையில் உள்ளதை எல்லாம் அது ஹெட்போனில் வாசித்துச் சொல்லும். மவுஸை அவன் தொடுவதில்லை, விசைகளிலேயே எல்லாம் நடக்கும். அடுத்த மேசை றொசாந்தி அக்கா ஒருநாள் ஹெட்போனை வாங்கிக் கேட்டுவிட்டு உடனே திருப்பிக் கொடுத்தாள்.

"இதென்ன தம்பி, தேன்கூட்டுக்குள்ள ரேடியோவைத் திறந்துவிட்ட மாதிரி! உமக்கு இது விளங்குதே?"

"விளங்குது அக்கா. நீங்கள் கதைக்கிறதுதான் சரியான மெதுவாக் கேக்குது."

மூன்று வருடங்களுக்கு முன் ஐந்தாம் மாடி ஒரு கருவிப்பட்டையைச் செய்வித்தது. கடிதம் எழுதும் மென்பொருளின் தலைமாட்டில் நாற்பது படங்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. சேமிக்க ஒன்று, அச்சடிக்க ஒன்று, மேலாளருக்கு அனுப்ப ஒன்று. பட்டைக்கு 'அனைவருக்கும்' என்று பெயர் வைத்தார்கள். பட்டன்களுக்குப் பெயர் வைக்கவில்லை. எழுத்து வந்தால் அழகு கெடும் என்று வடிவமைத்த கம்பனி சொன்னதாம். மவுஸை மேலே வைத்தால் மட்டும் பெயர் எட்டிப் பார்க்கும்.

வாசிப்பானுக்குப் படம் தெரியாது. துஷாந்தன் டாப் விசையை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் அது சொன்னது: "பட்டன்." அடுத்தது: "பட்டன்." அதற்கடுத்ததும் பட்டன்தான்.

அவன் உதவிப் பிரிவுக்கு எழுதினான். பதினான்கு வேலை நாட்களுக்குப் பின் பதில் வந்தது: 'பட்டனின் பெயர் தெரியாவிட்டால் மவுஸை அதன்மேல் வைத்துப் பாருங்கள். இப்பதில் உதவியதா? கீழே சிரித்த முகத்தையோ அழுத முகத்தையோ அழுத்துங்கள்.'

கீழே போனான். "பட்டன்," என்றது வாசிப்பான். "பட்டன்." ஏதோ ஒரு முகத்தை அழுத்தினான். அவனுடைய கோரிக்கை திருப்தியுடன் மூடப்பட்டது.

குறுக்குவிசைகளாவது தாருங்கள் என்று மறுபடி எழுதினான். அவை இரண்டாம் கட்டத்தில் வரும் என்றார்கள். முதலாம் கட்டம் எப்போது முடியும் என்று கேட்டான். இரண்டாம் கட்டம் தொடங்கும்போது என்றார்கள்.

கடைசியில் பெயர் வைத்தவள் ஜதுர்ஷிகா. அவன் மனைவி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வால்தம்ஸ்டோ வீட்டுச் சமையலறை மேசையில் அவனுடைய அலுவலக லேப்டொப்பை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெயரில்லாத பட்டனுக்கு நாமே ஒரு பெயரை எழுதிக் கொடுக்கும் வசதி வாசிப்பானில் இருந்தது. பட்டன் இருக்கும் இடத்தை அது நினைவில் வைத்துக்கொண்டு, பிறகு அங்கே போகும்போதெல்லாம் எழுதினதைச் சொல்லும். அவள் ஒவ்வொரு பட்டன் மேலும் மவுஸை வைத்துப் பார்த்துத் தமிழில் எழுதினாள்.

"சேமி, அச்சிடு எண்டு எழுதினாக் காணும்," என்றான் துஷாந்தன்.

"அப்பிடி எழுதினா உங்களுக்கு நித்திரை வந்திடும். பேசாம இருங்கோ."

சேமிக்கும் பட்டனுக்கு எழுதினாள்: 'முதல்ல இது, பிறகு தேத்தண்ணி.' எழுத்துப்பிழை பார்ப்பதற்கு: 'உங்கட இங்கிலீஸ் எனக்குத் தெரியும்.' அச்சுக்கு: 'பேப்பர் இருக்கோ எண்டு கேளுங்கோ.' பெரிதாக இருந்தும் ஒன்றுமே செய்யாத ஒரு பட்டனுக்கு: 'சந்திரவதனா மாமி.' பட்டையை வெறுமையாக்கும் பட்டன் ஒன்றும் இருந்தது. எல்லா ஊழியர்களின் கணினியிலும் படம், பெயர் எல்லாம் அழித்துவிடும். சாதாரண ஊழியர் அழுத்தினால் அது அசையாது. மேலிடத்துக்கு மட்டும் வேலை செய்யும். அதற்கும் எழுதினாள்: 'ஐயோ, இதை மட்டும் வேண்டாம்.' கடைசிப் பட்டன் எல்லாவற்றையும் மூடிவிட்டு வெளியேறுவது. வேலை போதும், வீட்டுக்கு வரட்டும் என்று அதற்கு எழுதினாள்: 'காணும். வீட்டை வாங்கோ.'

அடுத்த வசந்தத்தில் ஹோ ஸ்ட்ரீட் பஸ் தரிப்பிடத்தில் அவள் விழுந்தாள். தலைக்குள் ஒரு இரத்தக் குழாய் வெடித்தது என்றார்கள். இருபத்தொன்பது வயது.

துஷாந்தன் லீவு எடுத்தான். லீவு முடிந்ததும் திரும்பி வந்தான். அழவில்லை. கணினியைத் திறந்தான். "முதல்ல இது, பிறகு தேத்தண்ணி," என்றது வாசிப்பான். குரல் தகரத்தைத் தட்டுவது போன்ற ஓர் ஆண் குரல். சொல் அவளுடையது. அவன் சேமித்தான். தேத்தண்ணி குடித்தான். பின்னேரம் ஐந்து மணிக்கு வீட்டை வாங்கோ என்றது. வீட்டுக்குப் போனான். அடுத்த நாளும் அப்படியே. வேறு ஒன்றும் அவனுக்குத் தேவைப்படவில்லை.

ஊழியர் நலப் பிரிவு அனுதாபம் தெரிவித்து ஒரு பொதி அனுப்பியது. உள்ளே மனதை ஆற்றும் வண்ணம் தீட்டும் புத்தகமும் பென்சில்களும் இருந்தன. கோடு தாண்டாமல் தீட்டவும் என்று முதல் பக்கத்தில் போட்டிருந்ததாக றொசாந்தி வாசித்துச் சொன்னாள்.

பிறகு தங்க அணுகல் விருதுப் பேச்சு வந்தது. விருது இன்னும் வரவில்லை. விண்ணப்பித்திருந்தார்கள்.

விருதுக்காகக் கட்டடம் தயாரானது. மாடிப்படிக் கைப்பிடியில் பிரெய்ல் எழுத்து பதித்து, அழுக்குப் படாமல் இருக்கக் கண்ணாடி போட்டு மூடினார்கள். வரவேற்பறையில் ஆளுயரப் படம் ஒன்று வந்தது.

"தம்பி, உம்மட படமெல்லே கீழ தொங்குது!" என்றாள் றொசாந்தி. "கையில ஒரு வெள்ளைத்தடி, கண்ணில கறுப்புக் கண்ணாடி."

"என்னட்டக் கறுப்புக் கண்ணாடி இல்லையே அக்கா."

"கொம்பியூட்டரால போட்டிருக்கிறாங்கள். நீர் திரையைப் பாத்துச் சிரிக்கிறீர். 'நான் காண்கிறேன்' எண்டு கீழ எழுதியிருக்கு."

அந்த வாரம் எல்லாக் கணினிகளையும் துப்புரவு செய்தார்கள். திங்கட்கிழமை துஷாந்தன் வந்து டாப் விசையை அழுத்தினான்.

"பட்டன்."

மறுபடி அழுத்தினான். பட்டன். கடைசிவரை போனான். நாற்பதும் பட்டன். திரும்பி முதலில் இருந்து வந்தான். ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கணினிப் பிரிவுக்குப் போனான்.

அங்கே இராஜேந்திரன் இருந்தார். மானிப்பாய்க்காரர். முப்பது வருடமாக லண்டனில் இருப்பவர்.

"ஓம் தம்பி, நான்தான் அழிச்சனான். உம்மட பட்டன் பெயருகளின்ர பைல் தமிழில கிடந்தது. பாதுகாப்பு மென்பொருளுக்கு அது என்னெண்டு விளங்கேல்லை. சந்தேகப்பட்டுட்டுது."

"உங்களுக்கு விளங்கியிருக்குமே அண்ணை. நீங்கள் தமிழர்தானே?"

"நான் தமிழன்தான். பொலிசி தமிழனில்லையே."

"திருப்பி எடுக்க ஏலாதோ?"

"மாத முடிவுவரைக்கும் ஒரு பிரதி எங்கட பெட்டிக்குள்ள கிடக்கும். பிறகு அதுவும் போயிடும். எடுக்கிறதெண்டா இயக்குநர் ஓம் எண்டு சொல்ல வேணும்."

அவனிடம் வேறு பிரதி இல்லை. அலுவலக லேப்டொப்பில் இருந்து எதையும் வெளியே எடுக்க முடியாதபடி பூட்டு. எடுக்க வேண்டி வரும் என்று அவன் நினைத்ததுமில்லை.

றொசாந்தி அவனை லிஃப்டில் ஏற்றி ஐந்தாம் மாடியில் கொண்டுபோய் விட்டாள். இயக்குநர் கல்யாணசுந்தரம் எழுந்து நின்று வரவேற்றார். கோயம்புத்தூரில் இருந்து வங்கி வேலைக்கு வந்து, வங்கியில் இருந்து சமத்துவத்துக்கு மாறியவர்.

"வாங்க, வாங்க துஷாந்தன்! நம்ம தமிழ் ஆளு. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? உட்காருங்க. முதல்ல இந்த ஸ்லைடைப் பாருங்க."

துஷாந்தன் சுவர்ப் பக்கம் திரும்பி இருந்தான்.

"பாத்தீங்களா? அந்தப் பச்சைக் கோடு எப்படி ஏறுது பாருங்க. அதுதான் நீங்க."

"சேர், என்ர பட்டன் பெயருகள் அழிஞ்சுபோச்சு. அது என்ர மனிசி எழுதினது. அவ இப்ப இல்லை. அந்தப் பைலைத் திருப்பித் தரச் சொல்லி..."

"கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தம். புக் வந்துச்சா? கலர் பண்ற புக்?" அவர் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்க தம்பி. உணர்ச்சி வேற, சமத்துவம் வேற. நாலாயிரம் பேர் இந்தப் பட்டையைப் பயன்படுத்துறாங்க. உங்க பட்டனுக்கு மட்டும் தனியாப் பேர் இருந்தா அது சமத்துவமா? மத்தவங்களுக்கு இல்லாதது உங்களுக்கு மட்டும் எதுக்கு?"

"மற்றவையளுக்குக் கண் இருக்கு சேர்."

"அதை நாம வித்தியாசமாப் பாக்கிறதில்லை," என்றார் கல்யாணசுந்தரம். "அதுதான் எங்க கொள்கையே. நாங்க யாரையும் பார்வையற்றவர்னு பாக்கிறதே இல்லை."

அவர் சொன்னதில் பொய் இல்லை.

அன்றைக்குப் பின்னேரம் ஐந்து மணிக்கு எல்லாரும் போனார்கள். துஷாந்தன் டாப் விசையை அழுத்தினான். பட்டன், பட்டன். வெளியேறும் பட்டன் கடைசியில் இருப்பது அவனுக்குத் தெரியும். விரலும் அங்கே போய்விட்டது. "பட்டன்," என்றது. அவனால் அதை அழுத்த முடியவில்லை. துப்புரவுப் பெண் வந்து, மேசையைச் சுற்றித் துடைத்து, பிறகு அவனுடைய கால்களைத் தூக்கச் சொல்லும்வரை அங்கேயே இருந்தான்.

அடுத்த கிழமை இயக்குநரே இரண்டாம் மாடிக்கு இறங்கி வந்தார். விருது நடுவர்கள் முன்னால் தானே கண்ணைக் கட்டிக்கொண்டு, மவுஸ் இல்லாமல், வாசிப்பானைக் கேட்டே கடிதம் ஒன்றை அனுப்பிக் காட்டப்போகிறாராம். பக்கத்தில் துஷாந்தன் நிற்க வேண்டும். ஒத்திகை பார்த்தார்கள். ஒலிபெருக்கியில் வாசிப்பான் பேசியது.

"பட்டன். பட்டன். பட்டன்."

கல்யாணசுந்தரம் கட்டை அவிழ்த்தார். "இது நல்லா இல்லையே. நடுவர்கள் என்ன நினைப்பாங்க?"

"பெயர் இல்லையெண்டு நினைப்பினம் சேர்."

அவர் கண்கட்டை மடித்து வைத்தார். பிறகு இராஜேந்திரனைக் கூப்பிட்டார். "அந்த ஃபைலை ஒரு நாளைக்கு மட்டும் போட்டுக் குடுங்க. தமிழா இருந்தா இன்னும் நல்லது. பன்மொழின்னு சொல்லிக்கலாம். விழா அன்னைக்கு அஞ்சு மணிக்கு எடுத்துடுங்க. பிரதியையும் சேத்து."

விழாவுக்கு முதல் நாள் பைல் திரும்பி வந்தது. துஷாந்தன் டாப் விசையை அழுத்தினான். "உங்கட இங்கிலீஸ் எனக்குத் தெரியும்," என்றது. அவன் அதே இடத்தில் முன்னும் பின்னுமாகப் போய் அதையே பல தடவை கேட்டான்.

பின்னேரம் கடைசி ஒத்திகை.

"ஏழு தடவை டாப், அப்புறம் என்டர். அவ்வளவுதானே? எண்ணி வச்சுட்டேன்," என்றார் கல்யாணசுந்தரம்.

"எண்ணாதையுங்கோ சேர். பட்டை கடைசியா நிண்ட இடத்தில இருந்துதான் திருப்பித் தொடங்கும். அது சொல்லுறதைக் கேளுங்கோ."

"தம்பி, நான் பேங்க்ல இருந்து வந்தவன். எண்ணிக்கையை நம்புறவன். கேக்கிறதெல்லாம் உங்களுக்கு." அவர் துஷாந்தனின் தோளைத் தட்டினார். "இன்னொண்ணு. நாளைக்கு நீங்க எதுவும் பேச வேண்டாம். என்ன நடந்தாலும் சரி. சிரிச்சுட்டு நின்னாப் போதும். போஸ்டர்ல மாதிரி."

"சரி சேர்," என்றான் துஷாந்தன்.

விழா கீழ்மாடி மண்டபத்தில். நிகழ்ச்சிநிரலைப் பிரெய்லில் தந்தார்கள். துஷாந்தன் விரலை ஓட்டினான். வழுவழுப்பான தாள். புள்ளிகளை மையில் அச்சடித்திருந்தார்கள்.

"வடிவாத்தான் இருக்கு," என்றாள் அருகில் நின்ற றொசாந்தி.

கல்யாணசுந்தரம் பட்டுத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டார். துணியில் கவுன்சிலின் சின்னம் இருந்தது. துஷாந்தனின் லேப்டொப்பில், தன் தகுதிக்கு ஏற்பத் தன்னுடைய கணக்கிலேயே நுழைந்தார். தொடங்குமுன் தலைமை நடுவர் அம்மா ஆசைப்பட்டு, தானும் டாப் விசையை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். "எவ்வளவு இனிமையான மொழி!" என்றார். பட்டை அவர் விட்ட இடத்தில் நின்றது. அது துஷாந்தனுக்குக் கேட்டது.

"வேகத்தை முழுசா வையுங்க," என்று கல்யாணசுந்தரம் அவன் காதில் சொன்னார். "அப்பதான் திறமை தெரியும்."

துஷாந்தன் முழு வேகத்தில் வைத்தான்.

இயக்குநர் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். "நண்பர்களே, இருள் என்றால் என்ன? இந்த நான்கு நிமிடங்களில் நான் அதை முழுமையாகப் புரிந்துகொண்டுவிட்டேன்." டாப். "தொழில்நுட்பம் என்பது கேட்பது." டாப், டாப். "நாங்கள் ஊழியர்களைக் கேட்கிறோம்." டாப். "அவர்கள் சொல்லுமுன்பே கேட்டுவிடுகிறோம்." டாப். "ஆகவே அவர்கள் சொல்ல வேண்டியதில்லை." டாப், டாப்.

"ஐயோஇதைமட்டும்வேண்டாம்," என்றது ஒலிபெருக்கி.

மண்டபத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நான்கு பேர். இயக்குநர் எண்ணிக்கொண்டிருந்தார். இராஜேந்திரன் வாசலில் நின்று போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். 'ஐயோ' மட்டும் பிடிபட்ட றொசாந்தி துஷாந்தனின் முழங்கையைப் பிடித்தாள்.

"தம்பி! சொல்லுமன்!"

துஷாந்தன் சிரித்துக்கொண்டு நின்றான்.

இயக்குநர் என்டரை அழுத்தினார். எல்லா ஊழியர்களின் பட்டைகளிலும் படங்களும் பெயர்களும் அழியும், நிச்சயமா என்று வாசிப்பான் ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் கேட்டது. "எச்சரிக்கைகள் தன்னம்பிக்கை இல்லாதவர்களுக்கு," என்றார் இயக்குநர். என்டர். இதை மீட்க முடியாது, நிச்சயமா என்றது. "இவன் என்னோடு பேசுகிறான்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என்டர்.

"முடிந்தது," என்றது வாசிப்பான்.

கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. நடுவர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதாக றொசாந்தி பிறகு சொன்னாள். தங்க அணுகல் விருதை அந்த இடத்திலேயே கொடுத்தார்கள்.

இரண்டாம் மாடிக்கு வந்தபோது எல்லாத் தொலைபேசிகளும் அடித்துக்கொண்டிருந்தன.

"தம்பி, என்ர திரையில நாப்பது சாம்பல் பெட்டி!" என்றாள் றொசாந்தி. "ஒரு படமும் இல்லை. எது எதெண்டு தெரியேல்லை. ஒண்டை அமத்தினன், எழுதினது முழுக்க மேலாளருக்குப் போயிட்டுது."

"மவுஸை மேல வைச்சுப் பாருங்கோ அக்கா."

"வைச்சன். ஒண்டும் வரேல்லை."

"அப்ப இரண்டாம் கட்டத்தில வரும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது.

அவனுடைய திரையிலும் நாற்பது சாம்பல் பெட்டிகள்தான். ஜதுர்ஷிகாவின் பெயர்கள் பட்டையில் இருக்கவில்லை, வாசிப்பானில் இருந்தன. இடத்தை வைத்து அது சொன்னது. கட்டடத்தில் நாலாயிரம் பேர் பெயரில்லாத பெட்டிகளின் முன் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தான். பூஞ்சணம் பற்றிய முறைப்பாடு ஒன்றுக்குப் பதில் எழுதினான். சேமித்தான். தேத்தண்ணி குடித்தான்.

ஐந்து மணிக்குச் சற்று முன் இராஜேந்திரன் வந்தார்.

"தம்பி, உம்மட பைலை எடுக்கச் சொல்லியிருக்கு. பைல் அழிக்கிற பட்டன் எதெண்டு எனக்கே இப்ப தெரியேல்லை. எத்தினையாவது?"

"தெரியும் அண்ணை. சொல்லமாட்டன்."

அவர் போகாமல் நின்றார். அவருக்குப் பின்னால் கல்யாணசுந்தரம் வந்தார். மூச்சு வாங்கியது. கையில் இருந்த கண்ணாடி விருதை மேசையில் வைத்தார்.

"துஷாந்தன், அந்த டிசைன் கம்பெனி மூடி ரெண்டு வருஷமாச்சு. எந்தப் பட்டன் எங்க இருக்குன்னு யார்கிட்டயும் இல்லை. உங்க ஃபைல்லதான் இருக்கு. பேரையெல்லாம் வரிசையாச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"எனக்கு மட்டும் பெயர் தெரிஞ்சா அது சமத்துவமே சேர்?"

"தம்பி..."

"மற்றவைக்கு இல்லாதது எனக்கு மட்டும் என்னத்துக்கு? அண்ணை அழிக்கத்தானே வந்தவர். அழிக்கட்டும்."

"அழிக்க வேண்டாம்!" என்று கல்யாணசுந்தரம் கத்தினார். "இனி யாரும் அந்த ஃபைலைத் தொடக் கூடாது. இது கவுன்சில் சொத்து. ராஜேந்திரன், எழுதிக்கோங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

மின்னஞ்சல் பட்டன் எதுவென்று தெரியாததால் பேனாவால் எழுதினார்கள். கையெழுத்தானதும் றொசாந்தி அதை உரக்க, இரண்டு தடவை, வாசித்துக் காட்டினாள். இரண்டாம் தடவை தேவைப்பட்டதால் அல்ல.

"இப்ப சொல்லுங்க," என்றார் கல்யாணசுந்தரம்.

"உதவிப் பிரிவு மூலமா வாங்கோ சேர். ஒரு பட்டனுக்கு ஒரு கோரிக்கை. பதினாலு வேலை நாளுக்குள்ள பதில் போடுவன். முதலாவதுக்குப் பதில் வந்தாப் பிறகு இரண்டாவதை அனுப்புங்கோ. கீழ ஒரு சிரிச்ச முகமும் ஒரு அழுத முகமும் இருக்கும், மறக்காம ஒண்டை அமத்திவிடுங்கோ."

"அந்தக் கோரிக்கையை அனுப்புற பட்டன் எதுன்னாவது சொல்லுங்க!"

"அதுக்கும் ஒரு கோரிக்கை போடுங்கோ."

துஷாந்தன் ஹெட்போனை மாட்டினான். இயக்குநர் இன்னும் பேசிக்கொண்டிருக்கக்கூடும். டாப் விசையை அழுத்தினான். சந்திரவதனா மாமியைத் தாண்டினான். பேப்பரைத் தாண்டினான். ஐயோவைத் தாண்டினான். கடைசிக்கு வந்தான்.

"காணும்," என்றது. "வீட்டை வாங்கோ."

என்டரை அழுத்தும்போதுதான் விசைப்பலகை நனைந்திருப்பது விரலுக்குத் தெரிந்தது. சட்டைக் கையால் அதைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.